விசைப்படகு எஞ்சினுக்கு டர்போ: வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றி எஞ்சினைப் பிரிக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. எக்ஸாஸ்ட் புகையால் சுற்றி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ கிட் வாங்கலாமா, எதை வாங்கலாம் என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டதால், வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளை எடுத்துப் பதில் தருகிறோம்.

மண்டபத்திலிருந்து: 45 அடி மரப்படகு. ஆறு சிலிண்டர், 6 லிட்டர், டர்போ இல்லாத பழைய எஞ்சின். மடி (இழுவலை) இழுக்கும்போது திணறுது, கரும்புகை தள்ளுது. லாரியில கழட்டுன டர்போ கிட் மலிவா வருது. போடலாமா? என்ன சைஸ் பார்க்கணும்?

திணறலும் கரும்புகையும் சேர்ந்து வந்தால் டர்போவை ஒரு வாரம் மறந்துவிடுங்கள். முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள். புகை குறைந்தால் காற்றுதான் போதவில்லை. அடுத்து இன்ஜெக்டர் ஆறையும் பம்ப் பட்டறையில் கொடுத்து அழுத்தமும் தூவலும் சோதியுங்கள். வால்வு இடைவெளி பாருங்கள். படகின் அடியிலும் புரொப்பல்லரிலும் கொட்டலசு அப்பியிருந்தால் அதுவே எஞ்சினைத் திணறடிக்கும். இவ்வளவும் சரியாக இருந்து, முழு ஆக்சிலேட்டரில் மடி இழுக்கும்போதும் சுற்று ஏறவில்லை என்றால்தான் டர்போ பேச்சு.

இனி சைஸ். கடைக்காரர் சொல்லும் எச்பியை நம்பி வாங்க வேண்டாம், எஞ்சின் குடிக்கும் காற்றைக் கணக்கிடுங்கள். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை காற்றிழுக்கும். 6 லிட்டர் எஞ்சின் 2000 சுற்றில் நிமிடத்துக்கு 6000 லிட்டர் இழுக்க வேண்டும். நிஜத்தில் 85 சதவீதம்தான் உள்ளே போகும், அதாவது 5100 லிட்டர். 35 டிகிரி வெயிலில் அதன் எடை சுமார் 5.8 கிலோ. டர்போ 0.6 பார் கூடுதல் அழுத்தம் கொடுத்தால் காற்று 60 சதவீதம் கூடிவிடும் என்று நினைப்பார்கள். அப்படி ஆகாது. அழுத்தும்போதே காற்று சுமார் 98 டிகிரிக்குச் சூடாகி விரியும். கையில் நிற்பது 33 சதவீதம்தான், நிமிடத்துக்கு 7.7 கிலோ. புகையில்லாமல் எரிய ஒரு கிலோ டீசலுக்கு 25 கிலோ காற்று வேண்டும் என்று வைத்தால், டர்போ இல்லாமல் 86 எச்பி தரும் எஞ்சின் டர்போவுடன் 114 எச்பி வரை போகும். இதற்கு மேல் யாராவது வாக்குக் கொடுத்தால், புகையையும் பிஸ்டன் சூட்டையும் சேர்த்துத்தான் விற்கிறார்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: அழுத்த விகிதம் 1.6-இல் (அதாவது 0.6 பார் கூடுதலில்) நிமிடத்துக்கு 6 முதல் 8 கிலோ காற்று, அந்த டர்போவின் கம்ப்ரசர் மேப்பில் (எந்த அழுத்தத்தில் எவ்வளவு காற்று தள்ளும் என்று காட்டும் வரைபடத்தில்) நடுப்பகுதியில் விழுகிறதா? இடது விளிம்பில் விழுந்தால் மடி எங்காவது சிக்கிச் சுற்று இறங்கும் நேரத்தில் காற்று பின்னோக்கித் திரும்பி விட்டுவிட்டு ஊளையிடும். நாளடைவில் பேரிங் போகும். மேப் காட்ட முடியாத கடையில் வாங்க வேண்டாம்.

லாரி டர்போவில் இன்னொரு சங்கடம் உண்டு. லாரி மேட்டில் சில நிமிடம்தான் முழு பாரம் இழுக்கும், பிறகு இறக்கத்தில் ஆறும். மடி இழுக்கும் படகு மூன்று நான்கு மணி நேரம் ஒரே பாரத்தில், 1500 முதல் 1700 சுற்றுக்குள் நிற்கும். ஆறும் நேரமே இல்லை. டர்பைன் ஹவுசிங் (எக்ஸாஸ்ட் புகை சுழலும் கூடு) ரொம்பச் சிறியதாக இருந்தால் கியர் போட்டவுடன் பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் அழுத்தம், வந்துவிடும், ஆனால் எக்ஸாஸ்ட் அடைபட்டு எந்நேரமும் சூடு ஏறியே நிற்கும். நடுத்தர ஹவுசிங் எடுத்து, 1600 சுற்றில் 0.5 பார் வருமாறு அமைப்பதே தொழிலுக்கு ஏற்றது. டர்பைனுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் சூடு காட்டும் மீட்டர் ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். தொடர்ந்து 650 டிகிரியைத் தாண்டக் கூடாது. கிட்டின் விலையில் இந்த மீட்டர் சேரவில்லை என்றால் தனியாக வாங்குங்கள். அது இல்லாமல் டர்போ போட்ட எஞ்சினை ஓட்டுவதை நாங்கள் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

எஞ்சினுக்குள்ளும் பார்க்க வேண்டும். தொழிற்சாலையிலேயே டர்போவுடன் வரும் பிளாக்குகளில் பெரும்பாலும் பிஸ்டனின் அடியில் ஆயில் பீச்சும் ஜெட் இருக்கும். உங்கள் பழைய எஞ்சினில் அது இல்லையென்றால் 0.5 பாருக்கு மேல் போகாதீர்கள். டீசல் பம்பில் பூஸ்ட் வந்த பிறகே கூடுதல் டீசல் விடும் டயாஃப்ரம் வேண்டும். அதை விட்டுவிட்டு டீசலைக் கூட்டும் ஸ்க்ரூவை மட்டும் திருகினால் கியர் போடும்போதெல்லாம் கரும்புகை வரும். பம்ப் டைமிங்கை ஒன்றிரண்டு டிகிரி தாமதமாக வைப்பதும் அவசியம். சிலிண்டருக்குள் உச்ச அழுத்தம் கூடுவதால் ஹெட் கேஸ்கெட் அடிபடுவது பெரும்பாலும் இந்த ஒரு வேலையை விட்டதால்தான்.

தங்கச்சிமடத்திலிருந்து: டர்போ போட்டா படகு வேகமா ஓடுமா?

மிகக் கொஞ்சம். உங்கள் படகு தண்ணீரைப் பிளந்துகொண்டு மிதக்கும் வகை, மேலேறிச் சறுக்கும் வகை அல்ல. நீர்மட்டத்தில் 40 அடி நீளம் இருந்தால் எட்டரை நாட் வேகத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் எத்தனை எச்பி கொடுத்தாலும் பின்புறம் தாழ்ந்து அலை பெரிதாகுமே தவிர ஓட்டம் கூடாது. பாக் நீரிணையில் பல இடங்களில் ஆழம் 10 மீட்டருக்கும் குறைவு, அங்கே இந்தத் தடை இன்னும் சீக்கிரம் வரும். டர்போவின் பலன் இழுவையில்தான்.

அந்தப் பலனும் புரொப்பல்லரை மாற்றினால்தான் கிடைக்கும். இப்போது எஞ்சின் முழுச் சுற்றை எட்டிக் கவர்னர் (சுற்று வரம்பைத் தாண்டாமல் டீசலைக் குறைப்பது) வெட்டுகிறது என்றால், கூடுதல் சக்தியை வாங்கிக்கொள்ள ஆளில்லை. புரொப்பல்லரின் பிட்ச் (இதழின் சாய்வு) அல்லது விட்டம் கூட வேண்டும். மடி இல்லாமல் முழு ஆக்சிலேட்டரில் எத்தனை சுற்று வருகிறது, மடியோடு எத்தனை என்று குறித்து வார்ப்புப் பட்டறைக்குக் கொண்டு போங்கள். அந்த இரண்டு எண்ணும் இல்லாமல் அவர்களால் சரியான பிட்ச் சொல்ல முடியாது.

சாஃப்டும் கியர்பாக்ஸும் இதில் சேர்ந்தவை. முறுக்கு 30 சதவீதம் கூடினால் 50 மில்லிமீட்டர் சாஃப்ட் இருந்த இடத்தில் ஏறக்குறைய 55 வேண்டும். கியர்பாக்ஸ் தகட்டில் ஒரு சுற்றுக்கு எத்தனை கிலோவாட் தாங்கும் என்று எழுதியிருக்கும். 114 எச்பியை 2000 சுற்றால் வகுத்தால் 0.042 கிலோவாட். தகட்டில் இருப்பது இதைவிடத் தாராளமாக, தொடர்ந்து ஓடும் பாரத்துக்குச் சொன்னதாக இருக்க வேண்டும்.

ராமேஸ்வரத்திலிருந்து: லாரியில் முன்னால் இருக்குமே, டர்போ காற்றைக் குளிர்விக்கும் அந்த இன்டர்கூலரையே எஞ்சின் ரூமில் வைத்து ஃபேன் மாட்டினால் போதாதா?

போதாது. எஞ்சின் ரூம் காற்றே 50 டிகிரி இருக்கும், அதை வைத்துப் பெரிதாகக் குளிர்விக்க முடியாது. தவிர அது அலுமினியம். உப்புக்காற்றில் இரண்டொரு பருவத்தில் மடிப்பெல்லாம் பொடியாக உதிரும்.

படகுக்குக் கடல்நீர் ஓடும் கூலர்தான் சரி. குழாய்கள் செம்பு-நிக்கல் கலவை, 90க்கு 10 விகிதம் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணப் பித்தளைக் குழாய் கடல்நீரில் துத்தநாகத்தை இழந்து ஓட்டை விழும். அப்படி ஓட்டை விழுந்தால் கடல்நீர் நேராகச் சிலிண்டருக்குள் போகும், கனெக்டிங் ராடு வளையும். அதனால் கூலரின் அடியில் ஒரு வடிகால் திருகு இருக்க வேண்டும். தினமும் எஞ்சின் போடும் முன் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் ஜிங்க் பென்சில் (கூலருக்குப் பதிலாக அரிபடும் துத்தநாகக் கம்பி) பாதி கரைந்ததும் மாற்றுங்கள்.

0.6 பாரில் இந்தக் கூலர் எடுக்க வேண்டிய சூடு சுமார் 6 கிலோவாட். நிமிடத்துக்கு 20 லிட்டர் கடல்நீர் போதும். சிக்கல் அளவில் இல்லை, அடைப்பில். நம் கடலில் தாழை (கடற்புல்) வரும், சொறி (ஜெல்லிமீன்) வரும். ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) இரட்டையாக வைத்து, ஒன்றைச் சுத்தம் செய்யும்போது மற்றது ஓடுமாறு வால்வு போடுங்கள். தண்ணீர் போகும் வரிசையில் முதலில் இன்டர்கூலர், பிறகு மற்ற கூலர்கள். வரிசையை மாற்றினால் சூடான தண்ணீரை வைத்துக் காற்றைக் குளிர்விக்கப் பார்க்கிறீர்கள்.

படகின் அடியில் கீல் பைப் வழியாக மட்டும் எஞ்சின் குளிர்கிறது, கடல்நீர் பம்பே இல்லை என்றால், இன்டர்கூலருக்காகப் புதிதாக ஒரு ஓட்டை, பம்ப், குழாய் எல்லாம் வேண்டும். எங்கள் கருத்து: அத்தகைய படகில் பூஸ்டை 0.5 பாரோடு நிறுத்தி இன்டர்கூலரை விட்டுவிடலாம். காற்று அப்போதும் சுமார் 27 சதவீதம் கூடும். ஆனால் எஞ்சின் தண்ணீருக்குப் போகும் சூடு கூடுவதால் கீல் பைப்பின் நீளத்தை அதற்கேற்ப நீட்ட வேண்டும்.

சோலியக்குடியிலிருந்து: டர்போ போட்டு இரண்டு மாசம். நீலப்புகை வருது, பைப்பில் ஆயில் கசியுது. டர்போ போச்சுன்னு மெக்கானிக் சொல்றார்.

கழற்றும் முன் ஆயில் திரும்பும் குழாயைப் பாருங்கள். டர்போவுக்கு ஆயில் அழுத்தத்தோடு போகும், ஆனால் தன் எடையால்தான் திரும்பி விழும். திரும்பும் குழாயின் உள்விட்டம் 19 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். எங்கும் மேலேறாமல் சரிவாக இறங்கி, சம்ப்பில் (எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியில்) ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். நடுவில் தொங்கி வளைந்திருந்தாலோ, ஆயில் மட்டத்துக்குக் கீழே சேர்ந்திருந்தாலோ, ஆயில் தேங்கிச் சீல் வழியாக இருபுறமும் தள்ளும். படகு அலையில் ஆடுவதால் லாரியில் ஒத்துப்போன சரிவு இங்கே போதாது. அடைபட்ட பிரீதரும் (எஞ்சினுக்குள் சேரும் புகை வெளியேறும் வழி) இதே வேலையைச் செய்யும்.

குழாய் சரியாக இருந்தும் கசிந்தால்தான் பேரிங். பெரும்பாலும் இரண்டு காரணம்: புது டர்போவில் ஆயில் ஊற்றாமல் ஸ்டார்ட் செய்தது, அல்லது கரைக்கு வந்ததும் சூட்டோடு சாவியைத் திருப்பியது. முதலாவதற்கு, டர்போவின் ஆயில் வாயில் ஊற்றி, டீசலை அடைத்து, கீழ்க்குழாயில் ஆயில் வரும்வரை ஸ்டார்ட்டரில் சுற்ற வேண்டும். இரண்டாவதற்கு, எஞ்சினை நிறுத்தும் முன் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஸ்லோவில் விட வேண்டும். ஆயில் 15டபிள்யூ-40, சிஐ-4 தரம். டர்போ போட்ட பிறகு பழைய இடைவெளியிலேயே ஆயில் மாற்றாதீர்கள், முன்னதாகவே மாற்றுங்கள்.

பாம்பனிலிருந்து: டர்போ செக்கச்செவேல்னு எரியுது. பக்கத்து மரம் கருகுற வாசனை வருது. இது சகஜமா?

சகஜம் என்று விடாதீர்கள். இன்றைக்கே பாரத்தைக் குறையுங்கள். பெரிய கப்பல்களுக்கான சர்வதேச விதியில் 220 டிகிரியைத் தாண்டும் எந்தப் பரப்பையும் போர்த்த வேண்டும், ஏனென்றால் அதன் மேல் டீசலோ ஆயிலோ தெறித்தால் தீப்பிடிக்கும். மரப்படகில் அந்த எச்சரிக்கை இரண்டு மடங்கு தேவை. படகுக்கென்று செய்த டர்போவின் டர்பைன் ஹவுசிங்கைச் சுற்றித் தண்ணீர் ஓடும். லாரி டர்போ என்றால் அதற்கென்று தைத்த போர்வை போட வேண்டும், வெளியேறும் குழாய்க்கும் கண்ணாடி நாரும் மேல்தகடும் சுற்ற வேண்டும். டீசல் குழாய்களை டர்போவின் எதிர்ப்பக்கம் கொண்டு போங்கள். எஞ்சின் மேனிஃபோல்டில் டர்போவின் முழு எடையும் தொங்குகிறதா என்றும் பாருங்கள். குழாய்க்குத் தனித் தாங்கி, நடுவில் நெளியும் பெல்லோஸ் இல்லாவிட்டால் அதிர்வில் மேனிஃபோல்டு விரிசல் விடும்.

எக்ஸாஸ்டில் தண்ணீர் கலப்பவர்கள் டர்போவுக்குப் பின்னால், குழாய் மேலேறி இறங்கிய பிறகே கலக்க வேண்டும். அந்த வளைவு கடல் மட்டத்துக்கு 30 சென்டிமீட்டராவது மேலே இல்லாவிட்டால், கொண்டல் அடிக்கும் நாளில் பின்னலை ஏறி டர்பைனுக்குள் தண்ணீர் வரும்.

கீழக்கரையிலிருந்து: கனடாவில் என் தம்பி பனிவண்டிக்கு டர்போ கிட் போட்டிருக்கிறான். அதுவும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்தான். நம் ஃபைபர் படகின் 9.9 எச்பி அவுட்போர்டுக்கும் போடலாமா?

வேண்டாம். பனிவண்டி ஓடும் மலையில் 3000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் முக்கால் பங்குக்கும் குறைவு. இழந்த காற்றைத் திருப்பித் தரத்தான் அங்கே டர்போ முதன்மையாக உதவுகிறது. தொழிற்சாலையிலேயே டர்போவோடு வந்த டூ ஸ்ட்ரோக் பனிவண்டியை ஸ்கீ-டூ நிறுவனம் 2020 மாடலில் கொண்டுவந்தது, அதுவும் மலைப்பனி வண்டிதான். உங்கள் 9.9 எச்பி அவுட்போர்டு கடல்மட்டத்திலேயே முழுக் காற்றோடு ஓடுகிறது. அதன் பிஸ்டன், கியர், தண்ணீர் பம்ப் எல்லாம் அந்த எச்பிக்கே செய்தவை. கூடுதல் வேகம் வேண்டுமென்றால் சரியான பிட்ச் புரொப்பல்லர் போடுங்கள்.

நீண்ட சாஃப்ட் தொங்கும் ஒற்றை சிலிண்டர் டீசலுக்கும் இதே பதில். இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் புகை தள்ளும், அதை நம்பி டர்பைன் சீராகச் சுற்றாது.

தொண்டியிலிருந்து: பழைய டர்போ வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

சாஃப்டை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். கைக்கு ஆட்டம் தெரியவே கூடாது, டயல் கேஜில் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வந்தால் திருப்பிக் கொடுங்கள். பக்கவாட்டில் இலேசான ஆட்டம் இருக்கும், அது இயல்பு. இதழ் ஹவுசிங்கில் உரசக் கூடாது. இதழ் நுனியில் உப்பு அரித்த குழி, டர்பைன் ஹவுசிங்கில் விரிசல் இரண்டில் எது இருந்தாலும் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

மூக்கையூரிலிருந்து: டர்போ போட்டா டீசல் மிச்சமாகுமா? மீன்வளத்துறையில் சொல்லணுமா?

பழைய அளவுக்கே இழுத்தால் கொஞ்சம் மிச்சமாகலாம். ஆனால் யாரும் பழைய அளவுக்கு இழுப்பதற்காக டர்போ போடுவதில்லை. கூடுதலாக எடுக்கும் 28 எச்பிக்கு மணிக்கு ஐந்தரை லிட்டர் டீசல் தனியாகப் போகும். பத்து மணி நேர இழுவைக்கு 55 லிட்டர். அதற்கு ஈடான மீன் கூடுதலாக ஏறுமா என்று பழைய பாடுகளின் (கடலுக்குப் போய்வந்த தடவைகளின்) கணக்கை வைத்துப் பாருங்கள்.

சொல்லத்தான் வேண்டும். பதிவுச் சான்றில் எஞ்சினின் எண்ணும் எச்பியும் இருக்கிறது, மானிய டீசல் அந்தப் பதிவை வைத்தே வருகிறது. தமிழ்நாட்டில் விசைப்படகு எஞ்சினுக்கு 240 எச்பி உச்சவரம்பு உண்டு. பழைய 6 லிட்டர் எஞ்சினில் டர்போ போட்டு அதை எட்ட முடியாது, ஆனால் ஏற்கெனவே பெரிய எஞ்சின் வைத்திருப்பவர்கள் டர்போ போட்டு வரம்பைத் தாண்டிவிடக் கூடும். தடைக்கால ஆய்வுக்கு அதிகாரிகள் வரும் முன்பே மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, கிட்டின் பில்லையும் எஞ்சின் எண்ணையும் இணையுங்கள். மாற்றிய எச்பி பதிவில் ஏறிய பிறகு காப்பீட்டுக்காரருக்கும் அதன் நகல் ஒன்று கொடுங்கள். பதிவில் ஒன்றும் படகில் ஒன்றுமாக இருந்தால் விபத்துக் காலத்தில் இழப்பீடு சிக்கும்.