டென்ஸ் மெஷின் வைத்தும் அப்பாவின் பாதம் தூக்கவில்லையே, ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. எட்டு மாதம் முன்பு பக்கவாதம் வந்தது. பேச்சும் கையும் ஓரளவு தேறிவிட்டன. வலது பாதத்தை மட்டும் தூக்க முடியவில்லை. நடந்தால் விரல் தரையில் உரசுகிறது. ஆன்லைனில் டென்ஸ் மெஷின் வாங்கி ஒரு மாதமாக வைக்கிறோம். சுருசுருவென்கிறது, பாதம் அசையவில்லை. முதுகுத்தண்டில் கருவி பொருத்தி நடக்க வைக்கிறார்களாமே, அது அப்பாவுக்கு உதவுமா? (வாசகி, அல்சூர், பெங்களூரு)

பதில்: டென்ஸ் வலிக்கான கருவி. உணர்வு நரம்புகளைத் தூண்டி வலியைக் குறைப்பதுதான் அதன் வேலை, அதனால்தான் சுருசுருப்போடு நின்றுவிடுகிறது. அப்பாவுக்கு வேண்டியது எஃப்.இ.எஸ்., அதாவது தசையை இயக்கும் நரம்புக்குக் கரண்ட் கொடுத்து உறுப்பை அசைய வைக்கும் முறை.

பக்கவாதத்தில் அடிபட்டது மூளை. முதுகுத்தண்டிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு நன்றாகவே இருக்கிறது; அதற்குக் கட்டளைதான் வரவில்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் தடவிப் பாருங்கள், ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். பாதத்தைத் தூக்கும் நரம்பு அதை ஒட்டித் தோலுக்கு வெகு அருகில் ஓடுகிறது. கரண்ட் தரும் ஒட்டு பேட் ஒன்றை அங்கேயும் மற்றதை முன்கால் தசை மேலும் ஒட்டிப் போதிய கரண்ட் கொடுத்தால் பாதம் எழும். குதிகாலுக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கும். குதிகால் தரையை விட்டதும் கரண்ட் ஓடும், ஊன்றியதும் நிற்கும். 1961-லேயே லிபர்சன் குழுவினர் செய்து காட்டிய உத்தி இது. பேட் கொஞ்சம் விலகினாலும் பாதம் பக்கவாட்டில் திரும்பிவிடும், அதனால் முதலில் பிசியோதான் இடம் குறித்துத் தர வேண்டும்.

கரண்ட் ஓடும் அதே நொடியில் அப்பாவும் "தூக்கு" என்று முயல வேண்டும். டிவி பார்த்தபடி வைத்துக்கொண்டால் பலன் குறைவு. கரண்டில் தசை சீக்கிரம் களைத்துவிடும், ஆகவே பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். அதற்கு முன், முழங்காலை நீட்டி வைத்து உங்கள் கையால் பாதத்தை மேலே தள்ளிப் பாருங்கள். செங்கோணம்கூட வரவில்லை என்றால் கெண்டைக்கால் இறுகியிருக்கிறது. முதலில் அதை நீட்டிப் பழக்க வேண்டும்.

பேஸ்மேக்கர், அடிக்கடி வலிப்பு, காலில் ரத்தக்கட்டு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வைக்காதீர்கள். பாதம், கால் மரத்திருந்தால் தோல் புண்ணானாலும் அவருக்குத் தெரியாது. பேடை எடுத்ததும் நீங்கள் பாருங்கள். மரத்த உணர்வு இதனால் திரும்பும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

முதுகுத்தண்டுக் கருவி வேறு கதை. 2018-ல் அமெரிக்காவின் லூயிவில், மேயோ கிளினிக், சுவிட்சர்லாந்தின் லோசான் ஆய்வுக் குழுக்கள் அதைக் கொண்டு நடக்க வைத்தது முதுகுத்தண்டில் அடிபட்டவர்களை, அதுவும் நீண்ட பயிற்சியோடு. அப்பாவுக்காக அதற்கு நகையை அடகு வைக்காதீர்கள்.

இன்னொன்று: பாதம் தொங்காமல் கணுக்காலோடு சேர்த்துப் பிடிக்கும் ஏ.எஃப்.ஓ. என்ற பிளாஸ்டிக் தாங்கி. நடை வேகத்தில் அதுவும் எஃப்.இ.எஸ்ஸும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருகின்றன என்றே ஆய்வுகள் சொல்கின்றன. தாங்கியின் விலையோ பல மடங்கு குறைவு. அல்சூர் நடைபாதைக் கல்லில் தடுக்கி இடுப்பு எலும்பு முறிவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. இந்த வாரமே தாங்கிக்கு அளவு கொடுங்கள். அப்புறம் உங்கள் ஊர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவில் எஃப்.இ.எஸ். அப்பாவுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். போகும்போது தினமும் போடும் செருப்பையும் எடுத்துப் போங்கள், தேய்மானத்தைப் பார்த்தே நடையைக் கணித்துவிடுவார்கள்.