ஆட்டுக்கும் பசுவுக்கும் ஒரே கொட்டில் கட்டலாமா?

கேள்வி: கொழும்பு மாவட்டத்தில் ஹங்வெல்லப் பகுதியில், களனி ஆற்றிலிருந்து சற்று உள்ளே, எங்கள் குடும்பத்துக்கு அரை ஏக்கர் காணி இருக்கிறது. ஜமுனாபாரிக் கலப்பில் ஆறு பெட்டையாடுகள், ஒரு கிடாய், எட்டுக் குட்டிகள், இவற்றோடு ஒரு பசு வளர்க்கிறோம். மழைக் காலத்தில் குட்டிகள் இருமுகின்றன. செலவைக் குறைக்க எல்லாவற்றுக்கும் ஒரே கூரையின் கீழ், சீமெந்துத் தரை போட்டுக் கொட்டில் கட்டலாமா? வீட்டுக் கூரையிலிருந்து கழற்றிய அஸ்பெஸ்டாஸ் சீற்றுகள் கைவசம் உள்ளன.

பதில்: ஒரே கூரை வேண்டாம் என்பதே என் முதல் ஆலோசனை. மாட்டின் வயிற்றறையில் செற்றாரியா என்னும் நூற்புழு வாழ்வது நம் நாட்டில் சாதாரணம். அதனால் மாட்டுக்குப் பெரும்பாலும் ஒரு குறையும் தெரிவதில்லை. ஆனால் மாட்டைக் கடித்த நுளம்பு பின்னர் ஆட்டைக் கடிக்கும்போது, அந்தப் புழுவின் இளம்பருவம் தனக்குப் பழக்கமில்லாத உடலில் வழிதவறி மூளையையும் முள்ளந்தண்டு நரம்பையும் சென்றடைகிறது. நேற்றுவரை ஓடித் திரிந்த ஆடு இன்று பின்னங்காலை இழுத்து நடப்பதும், கழுத்தைச் சரித்து நிற்பதும், எழ முடியாமல் கிடப்பதும் பலவேளை இதனால்தான். வாதம் என்றும் விழுந்து அடிபட்டது என்றும் எண்ணி எண்ணெய் தேய்த்து நாட்களைக் கடத்துவோர் பலர். முதல் நாளிலேயே கால்நடை வைத்தியரிடம் காட்டினால் பிழைக்க வழியுண்டு. ஆகவே உங்கள் காணி இடம் கொடுக்குமளவுக்குப் பசுவைத் தள்ளிக் கட்டுங்கள். மாலையானதும் ஆட்டுக்கொட்டிலின் திறந்த பக்கங்களுக்கு நுளம்பு வலையை இறக்கிவிடுங்கள். இரண்டு கொட்டில்களையும் சுற்றிக் கழிவுநீர் தேங்க விடாதீர்கள். அழுக்கு நீரில் பெருகும் நுளம்புகளே இங்கு முக்கிய குற்றவாளிகள்.

இடத்தைத் தெரிவு செய்யும்போது, 2016 மே மாத வெள்ளம் உங்கள் காணியில் எதுவரை ஏறியது என்பதை நினைவில் வைத்து, அதற்கு மேலான மேட்டையே தேடுங்கள். கொட்டிலின் நீளப் பக்கம் கிழக்கு மேற்காக அமைந்தால் காலை, மாலை வெயில் உள்ளே குறைவாக விழும். ஆயினும் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மழையைச் சாய்வாக வீசியடிக்கும் என்பதால், தெற்குப் பக்கத் தாழ்வாரத்தைக் குறைந்தது 3 அடி வெளியே நீட்டி, மேற்கு ஓரத்தில் கிடுகுத் தட்டி ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவது நல்லது. கொழும்பு நகரிலேயே ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. உள்நாட்டுப் பக்கம் போகப் போக அது இன்னும் கூடும்.

இவ்வளவு ஈரமான நிலத்தில் ஆட்டைச் சீமெந்துத் தரையில் படுக்க வைப்பது சரியல்ல. தரை காய்வதில்லை, சிறுநீரிலிருந்து எழும் அமோனியா ஆவி, நிலத்தோடு முகம் வைத்துப் படுக்கும் குட்டிகளின் நுரையீரலைத்தான் முதலில் தாக்கும், குளம்பு மென்மையாகி அழுகும், புழுக்கையோடு விழும் குடற்புழு முட்டைகள் அங்கேயே பொரித்துத் தீவனத்தோடு மீண்டும் வயிற்றுக்குள் செல்லும். ஆதலால் நிலத்திலிருந்து 4 அடி உயரத்தில், புழுக்கையும் சிறுநீரும் கீழே விழும்படி மரச் சலாகைகளை இடைவெளிவிட்டு அடித்த பரண் அமையுங்கள். 3 அடிக்குக் குறைந்தால் எருவை அள்ள ஆள் நுழைவது கடினம். நுழையக் கடினமான இடத்தை எவரும் துப்புரவு செய்வதில்லை என்பதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

பெட்டைக்கு 15 சதுர அடி, கிடாய்க்கு 25, குட்டிக்கு 5 என்று கணக்கிட்டால் உங்களுக்கு 155 சதுர அடி தேவை. 16 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட பரண் போதும். கிடாய்க்கும் குட்டிகளுக்கும் தனித்தனித் தடுப்பு வேண்டும். சலாகைக்கு நன்கு முற்றிய கமுகு அல்லது தென்னை மரம் பொருத்தமானது. பச்சைக் கமுகை அறைந்துவிட்டால் அது காய்ந்து சுருங்க இடைவெளி அகன்றுவிடும். எனவே காயவைத்த பின்னரே பொருத்துங்கள். சலாகைகளுக்கு இடையே அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை விடலாம். குட்டிகளின் பகுதியில் அரை அங்குலத்தைத் தாண்டினால் கால் சிக்கி முறியும். றப்பர் மரம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் பதப்படுத்தாத றப்பர் பலகையைப் பூச்சியும் பூஞ்சையும் விரைவில் தின்றுவிடும். நீங்கள் கேட்ட சீமெந்து வீண்போகாது: அதைப் பரணின் கீழே ஒரு பக்கம் சரிவாகப் பூசி, சிறுநீர் வடிந்து குழிக்குச் செல்லும்படி செய்தால், எருவும் நனையாமல் தென்னைக்குக் கிடைக்கும். தீவனத் தொட்டியை, ஆடு தலையை மட்டும் நீட்டித் தின்னும்படி, பரணுக்கு வெளியே பொருத்துங்கள்.

கூரைக்கு அந்தச் சீற்றுகள் முழுதாக இருந்தால் பயன்படுத்தலாம். தகரத்தைவிட வெக்கை குறைவு. ஆனால் அவற்றை அறுக்கவோ, பாசியைச் சுரண்டவோ, உடைந்த துண்டுகளை நொறுக்கவோ கூடாது; அந்தத் தூசு மனிதரின் நுரையீரலுக்குக் கேடானது. ஏற்கெனவே உள்ள துளைகளிலேயே போல்ற்றைப் பொருத்தும்படி சட்டங்களின் இடைவெளியைச் சீற்றுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளுங்கள்.

பசுவுக்கு 6 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள, வழுக்காத சொரசொரப்பான தரை, வடிகால், கூரை ஆகியவை இருந்தால் போதும், சுவர் தேவையில்லை. அயல்வீடுகள் நெருக்கமாக இருந்தால், தூண் நடுவதற்கு முன்பே பிரதேச சபையிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேட்டுக்கொள்வது பிந்திய மனக்கசப்பைத் தவிர்க்கும்.

குட்டிகளின் இருமலைக் கொட்டில் முடியும்வரை விட்டுவைக்க வேண்டாம். அது ஈரத்தால் வந்த நுரையீரல் அழற்சியாகவும் இருக்கலாம், நுரையீரல் புழுவாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு. புதிதாக இட்ட புழுக்கையில் கொஞ்சத்தைச் சுத்தமான போத்தலில் எடுத்துக்கொண்டு, இந்த வாரமே உங்கள் பிரிவின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.