பதில்: விண்டோஸ் கணினியில் ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டு விளக்கு, கருவிகளைத் தானாக இயக்கும் மென்பொருள்) ஓடுகிறது, இரவில் விளக்குகள் அணைவதில்லை. தனிக் கட்டுப்பாட்டுக் கருவி வாங்கலாமா?

வாங்குங்கள். ராஸ்பெரி பை 4 என்ற சிறிய ஒற்றைப் பலகைக் கணினி (சுருக்கமாக ‘பை’), 4 ஜிபி ரேம் போதும். எஸ்டி கார்டில் ஓட்டாதீர்கள். ஹோம் அசிஸ்டன்ட் ஓயாமல் பதிவுகளை எழுதுவதால் கார்டு சீக்கிரம் தேய்ந்துவிடும். சிறிய எஸ்எஸ்டி போடுங்கள்.

இப்போதைய கோளாறு பெரும்பாலும் ஹோம் அசிஸ்டன்டில் இல்லை. கணினி உறக்கத்துக்குப் போகிறது, அல்லது அப்டேட்டுக்காகத் தானே மறுதொடக்கம் ஆகிறது. அதன்பின் விர்ச்சுவல்பாக்ஸ் (விண்டோஸுக்குள் ஹோம் அசிஸ்டன்டை ஓட்டும் மெய்நிகர் கணினி மென்பொருள்) தானாக எழுவதில்லை.

வாங்குமுன் ஒரு சோதனை: பவர் அமைப்பில் உறக்கம், யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் (சும்மா இருக்கும் யூஎஸ்பி கருவிகளை உறங்கவைக்கும் வசதி) இரண்டையும் நிறுத்திவிட்டு மூன்று இரவு பாருங்கள். விளக்குகள் ஒழுங்காக அணைந்தால் காரணம் உறுதி. ஆனால் அதையே தீர்வாக வைத்துக்கொள்ள வேண்டாம். 60 வாட் இழுக்கும் கணினி நாள் முழுக்க ஓடினால் மாதம் சுமார் 43 யூனிட். பைக்கு 4 யூனிட்கூட ஆகாது.

மாற்றும்போது முழு பேக்கப் எடுத்து பையில் ரீஸ்டோர் செய்யுங்கள். அதே ஜிக்பி டாங்கிளையே (பல்புகளோடு கம்பியில்லாமல் பேசும் யூஎஸ்பி கருவி) பயன்படுத்தினால் பல்புகளை மறுபடி இணைக்க வேண்டியிருக்காது. அமைப்பில் டாங்கிள் செருகிய யூஎஸ்பி போர்ட்டின் முகவரியை மட்டும் சரிபாருங்கள். டாங்கிளை ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வையுங்கள். யூஎஸ்பி 3 போர்ட்டின் இரைச்சல் ஜிக்பி பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுக்கும், இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

கேமரா காட்சியில் ஆள் அடையாளம் காணும் வேலையும் இருந்தால் பை திணறும். அதை மட்டும் கணினியிலேயே விடுங்கள்.