ஜோடிப் பையன் போய்விட்டான், இனி கோச் ஆகலாமா?

கேள்வி: என் மகளுக்கு 20 வயது. சின்ன வயதிலிருந்து ஐஸ் டான்ஸ், அதாவது ஐஸ் மேல் ஸ்கேட் கட்டிக்கொண்டு ஜோடியாக ஆடுகிற நடனம், ஆடுகிறாள். போன வருடம் ஜோடிப் பையன் வேறொரு பெண்ணோடு ஆடப் போய்விட்டான், புது ஜோடி அமையவில்லை. இப்போது கோச் ஆகப்போகிறேன், நடனம் அமைக்கப்போகிறேன் என்கிறாள். செலவழித்ததை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆட முடியாதவர்கள் போகிற வேலைதானே அது?
- பெயர் வேண்டாம், டொரன்டோ

பதில்: வயிறு எரியத்தான் செய்யும். ஐஸ் தளத்துக்கு வாடகை, ஷூவுக்கு அடியில் மாட்டுகிற பிளேடு, உடை எல்லாம் போக, சில வீடுகளில் பையனுடைய செலவையும் பெண் வீட்டாரே ஏற்கிறார்கள், கல்யாணம் மாதிரிதான்! ஆனால் உங்கள் கடைசி வரியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மாண்ட்ரியலின் ஐஸ் டான்ஸர் மரி-பிரான்ஸ் டுப்ரேயை எடுத்துக்கொள்ளுங்கள். 2006 டுரின் ஒலிம்பிக்கில், ஜோடி பத்ரிஸ் லோசோன் தூக்கிச் சுழற்றும்போது பிடி நழுவி ஐஸில் விழுந்தார், அடி பலம், கடைசிச் சுற்று ஆடவே முடியவில்லை. அடுத்த மாதமே கால்கரியில் உலகப் போட்டியில் இருவரும் வெள்ளி வாங்கினார்கள், 2007-இலும் வெள்ளிதான். தங்கமோ ஒலிம்பிக் பதக்கமோ கடைசி வரை கிடைக்கவில்லை. அப்புறம் கல்யாணம் செய்துகொண்டு அதே ஊரில் கோச் ஆனார்கள். 2018 பியோங்சாங்கில் தங்கம் வாங்கிய வர்ச்யூ-மோயர், வெள்ளி வாங்கிய பாப்படாகிஸ்-சிசெரோன், இரண்டு ஜோடியும் இவர்களிடம் பயின்றவர்கள்தான்! வித்தியாசம் வெறும் 0.79 புள்ளி. அந்த நேரத்தில் கோச் முகத்தை எப்படி வைத்துக்கொண்டிருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு.

இன்னொருவர் ஷே-லின் போர்ன். இவர் 2003-இல் விக்டர் கிராட்ஸோடு உலகத் தங்கமே வாங்கியவர். பிறகு தனியாக ஆடுபவர்களுக்கு நடனம் அமைக்கப் போனார். ஜப்பானின் யுசுரு ஹன்யு 2018-இல் தங்கம் வாங்கிய 'செய்மெய்' என்ற நடனம் இவர் அமைத்ததுதான். நாலு சுற்று சுற்றிக் குதிக்கிற ஆள் எதற்கு ஐஸ் டான்ஸரிடம் வருகிறார்? ஐஸ் டான்ஸில் பெரிய குதிப்பு கிடையாது, பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கவும் கூடாது. மிச்சம் இருப்பது பிளேடின் விளிம்பும் முழங்காலும் இசையும்தான், அதிலேயே வருடக்கணக்கில் ஊறிக் கிடக்கிறார்கள். பிளேடின் பின்பகுதியைக்கூடக் குட்டையாக வைப்பார்கள், அவ்வளவு ஒட்டி ஆடும்போது ஒருவர் பிளேடு இன்னொருவரை இடறக்கூடாதே. அந்த நுணுக்கம் உங்கள் மகளின் காலில் இருக்கிறது, நீங்கள் கட்டிய காசு எங்கேயும் போகவில்லை.

சரி, கசப்பையும் சொல்லிவிடுகிறேன். எடுத்த எடுப்பில் யாரும் ஒலிம்பிக் ஜோடியைக் கொடுக்கப்போவதில்லை. ஸ்கேட் கனடா என்கிற ஸ்கேட்டிங் சங்கம் வழியாகக் கோச் பயிற்சி முடித்து, தத்தித் தத்தி நடக்கிற வாண்டுகளிடம்தான் ஆரம்பிக்க வேண்டும், காசு பெரும்பாலும் பாடத்துக்குப் பாடம்தான். ஐந்து வருடம் வளர்த்த பிள்ளையை ஒருநாள் பெற்றோர் வேறு கோச்சிடம் கூட்டிப்போவார்கள். ஜோடிப் பையன் போனானே, அதே வலி திரும்பத் திரும்ப வரும். இதை அவளிடம் உடைத்துக் கேளுங்கள்.

அதற்கு முன்னால் அவளை யாராவது கோச்சுக்கு உதவியாக ஒரு மாதம் நிற்கச் சொல்லுங்கள். நீங்களும் ஒருநாள் மேலே கண்ணாடி அறையில் காப்பியோடு உட்காராமல் கீழே தடுப்புப் பலகை ஓரம் போய் நில்லுங்கள். ஒரு பிள்ளை எட்டாவது தடவையும் அதே திருப்பத்தில் தடுமாறும்போது இவள் என்ன செய்கிறாள்? குனிந்து அதன் முழங்காலைப் பார்த்து "இங்கே இன்னும் மடக்கு" என்கிறாள் என்றால் மறுபேச்சில்லாமல் அனுப்பிவையுங்கள். தானே திரும்பத் திரும்ப ஆடிக் காட்டிக்கொண்டிருந்தால், அவளுக்கு இன்னும் ஆடத்தான் ஆசை, இன்னொரு வருடம் ஜோடி தேடிப் பாருங்கள்.