மேனுவல் ஜிம்னியில் ஸீட்டாவா, ஆல்ஃபாவா? மலையை விட்டு எத்தனை மணிக்கு இறங்குவீர்கள்?

கேள்வி: "வேலூரில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். மாதத்தில் ஐந்தாறு நாள் ஜவ்வாது மலைக் கிராமங்களில் முகாம். முடித்துத் திரும்ப இரவு எட்டு, ஒன்பது ஆகிவிடும். மாருதியின் மேனுவல் கியர் ஜிம்னி வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். ஸீட்டா வேரியன்ட் போதுமா, கூடுதலாகப் பணம் போட்டு ஆல்ஃபா எடுக்கலாமா? வீட்டில் மஹிந்திராவின் தார் ராக்ஸையும் பார்க்கச் சொல்கிறார்கள்."

நான் ஓட்டுவது ஸீட்டா. உங்களுக்கு ஆல்ஃபாவைத்தான் சொல்வேன். இரண்டும் ஒருவன் வாயிலிருந்து வருவதால் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

எங்களுக்கு வேலூர் மண்டித் தெருவில் புளியும் சாமையும் தேனும் வியாபாரம். ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தை உங்களுக்குப் பழக்கமாகத்தான் இருக்கும். அந்தப் பக்கமாக முத்துக்குமரன் மலை அடிவாரம் போய், மேலே பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை என்று வாரம் ஒருமுறை ஏறி இறங்குகிறேன். விடியற்காலை ஏறுவேன், வெயில் சாய்வதற்குள் அடிவாரம் வந்துவிடுவேன். இந்த நேரக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில், இந்த இரண்டு வேரியன்ட்களுக்கும் தரைக்கு அருகே எந்த வேறுபாடும் இல்லை. 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 105 பிஎஸ் திறன், 134 நியூட்டன் மீட்டர் இழுவிசை, ஐந்து கியர் மேனுவல். ஏணி போன்ற அடிச்சட்டம், முன்னும் பின்னும் ஒற்றைத் தண்டு அச்சு, 210 மில்லிமீட்டர் தரை இடைவெளி. நான்கு சக்கர இயக்கமும் தரையிலிருந்து எழும் அந்தக் குட்டி லீவரும் குறைந்த கியரான 4எல்-உம் இரண்டிலும் உண்டு. ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழன்றால் அதை பிரேக்கால் பிடித்து மற்றச் சக்கரத்துக்கு விசையை அனுப்பும் ஏற்பாடும் இரண்டிலும் இருக்கிறது. ஆறு ஏர்பேக், வண்டி வழுக்காமல் காக்கும் இஎஸ்பி, ஏற்றத்தில் பின்னால் உருளாமல் பிடிக்கும் வசதி, இறக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வசதி ஆகியவற்றையும் விலை குறைந்த ஸீட்டாவிலேயே கொடுத்திருக்கிறார்கள். டயர் அளவும் ஒன்றே, 195/80 ஆர்15. உயிரைக் காப்பாற்றும் சாமான்களை மேல் வேரியன்டுக்குள் பூட்டி வைக்காத வண்டி இது. நான் இதை விரும்பி வாங்கியதற்கு அதுவே பெரிய காரணம்.

மற்ற வண்டிகளில் இந்த நிம்மதி கிடைக்காது. மஹிந்திராவின் மூன்று கதவுத் தார் வண்டியில் 2023 ஜனவரியில் 1.5 லிட்டர் டீசல் ஒன்று வந்தது. பார்வைக்கு அதே தார். பின் சக்கரங்களுக்கு மட்டுமே இயக்கம். 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். நான்கு சக்கர இயக்கத் தாருக்கு 40 சதவீதம், ஏனெனில் அதன் எஞ்சின்கள் பெரியவை. எனவே விலைப் பட்டியலின் முதல் வரியில் இருக்கும் தொகை ஆசை காட்டும். அந்த வண்டி நகரத்துக்கும் தார்ச்சாலைக்கும் நல்லதுதான், உங்கள் முகாமுக்கு உதவாது.

ராக்ஸ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2024 ஆகஸ்ட் 15-இல் வந்த ஐந்து கதவுத் தார் அது. அறிமுகமானபோது நான்கு சக்கர இயக்கத்தை டீசலில் மட்டுமே கொடுத்தார்கள். அதிலும் மேனுவல் கியர் வேண்டுமென்றால் எம்எக்ஸ்5 என்ற கீழ் வேரியன்ட் அல்லது ஏஎக்ஸ்7எல் என்ற உச்ச வேரியன்ட். இடையில் இருந்த ஏஎக்ஸ்5எல்-இல் நான்கு சக்கர இயக்கத்துக்கு ஆட்டோமேட்டிக் மட்டும்தான். கிளட்ச் மிதித்து ஓட்ட விரும்புகிறவர் கீழ்ப்படியில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் உச்சிக்கு ஏற வேண்டும். உச்சிக்கு ஏறினால் அறிமுக விலையே 20 லட்சத்தைத் தாண்டியது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரையுள்ள கார்களுக்கு வாழ்நாள் வரி 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். ஆக வேரியன்டுக்கான கூடுதல் தொகையோடு வரியின் விகிதமும் ஏறுகிறது.

ராக்ஸ் பலமான வண்டி, சென்னைக்குக் குடும்பத்தோடு போக எவ்வளவோ வசதி. ஆனால் அதன் அகலம் 1,870 மில்லிமீட்டர், ஜிம்னி 1,645. ஒரு சாண் வித்தியாசம். ஒருபுறம் பாறை, மறுபுறம் சரிவு என்று போகும் ஊர்ப்பாதையில், எதிரே விறகோடு ஒருவர் வரும்போது, அந்த ஒரு சாண் என்னவென்று தெரியும். ஜிம்னியின் எடை ஏறக்குறைய 1,200 கிலோதான். பாலாற்று மணலில் புதைந்தபோது நாலு பேர் தோள் கொடுத்துத் தள்ளி எடுத்திருக்கிறோம். உங்களுடையது மருந்துப் பெட்டியும் ஓர் உதவியாளரும்தான் என்றால் ஜிம்னியே சரி.

இனி ஸீட்டா, ஆல்ஃபா.

ஸீட்டாவில் இரும்பு ரிம், ஆல்ஃபாவில் அலாய். நான் ஸீட்டா எடுத்ததற்கு இந்த ரிம்தான் காரணம். ஜிம்னிக்கு முன்னால் வேறொரு வண்டி வைத்திருந்தேன், அலாய் சக்கரம் போட்டது. பீஞ்சமந்தைக்கு அப்போது தார்ச்சாலை கிடையாது, கல் பெயர்ந்த பாதைதான். ஒரு மார்ச் மாதம் புளி மூட்டைகளோடு இறங்கிக்கொண்டிருந்தேன். சருகு மூடிய ஒரு பாறை விளிம்பில் பின் இடது சக்கரம் விழுந்தது. சத்தம் பெரிதாக இல்லை. பத்தடி போவதற்குள் வண்டி ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் டயரில் ஒரு கீறல் இல்லை. ரிம்மின் உதடு உள்ளங்கை அகலத்துக்கு உடைந்து போயிருந்தது. டியூப்லெஸ் டயர் அல்லவா, பிடிமானம் போனதும் காற்று முழுவதும் போய்விட்டது. ஸ்டெப்னி இருந்தது, ஆனால் அளவு சிறியது, அவசரத்துக்கு மெதுவாக ஓட்ட மட்டும் ஆனது. அதைப் போட்டுக்கொண்டு அந்தக் கல்லில் மூட்டைகளோடு இறங்க எனக்குத் துணிவு வரவில்லை. மூட்டைகளை ஒரு வீட்டுத் திண்ணையில் அடுக்கிவிட்டு, வெறும் வண்டியை நடை வேகத்தில் இறக்கி வந்தேன். அந்த வீட்டு அம்மா நான் திரும்பி வரும்வரை, ஒன்பது நாட்கள், புளியில் மழைத்துளி படாமல் கோணி போர்த்திப் பார்த்துக்கொண்டார். அதே அளவில் புது ரிம் கிடைக்க அத்தனை நாட்கள் ஆயின.

இரும்பு ரிம் அடிபட்டால் வளையும். வளைந்ததை அடிவாரத்துப் பட்டறையில் சம்மட்டியால் தட்டி நிமிர்த்திக் காற்று பிடிக்க வைத்துவிடலாம். ஜிம்னியின் ஸ்டெப்னியும் முழு அளவுச் சக்கரம், பின்கதவிலேயே தொங்குகிறது. நல்ல சாலையில் அலாய் அழகும் எடைக் குறைவும் தரும், மறுக்கவில்லை. என் தேவைக்கு இரும்பு.

ஆனால் இரும்பு ரிம்மைப் பிறகும் வாங்கிக்கொள்ளலாம். ஆல்ஃபா எடுத்துவிட்டு, அதே 15 அங்குல அளவில் இரும்பு ரிம் வாங்கி மலைக்கு அதைப் போட்டுக்கொள்வதில் எந்தத் தடையும் இல்லை. பெரிய திரையும் அப்படித்தான்: ஸீட்டாவில் 7 அங்குலம், ஆல்ஃபாவில் 9. திரைக்காக யாரும் வேரியன்ட் மாற்ற வேண்டியதில்லை. பின்னால் பார்க்கும் கேமரா ஸீட்டாவிலும் உண்டு.

பிறகு வாங்க முடியாதது முகப்பு விளக்கு. ஸீட்டாவில் ஹாலஜன், ஆல்ஃபாவில் எல்இடி. என்னைப் போல் பகலில் இறங்குகிறவனுக்கு ஹாலஜன் போதும். நீங்கள் எட்டு மணிக்கு மேல் இறங்குகிறீர்கள். வளைவுக்கு வளைவு வெளிச்சம் மலைச்சுவரில் அடித்துத் திரும்பும், அடுத்த நொடி சரிவுப் பக்கம் ஒன்றுமில்லாத இருட்டுக்குள் போகும். பாதை ஓரத்தில் மாடு படுத்திருக்கும். மழைக்காலத்தில் முன்னால் ஒரு பால் வண்டி போனால் அதன் சேறு முழுவதும் உங்கள் விளக்குக் கண்ணாடியில் படியும். ஆல்ஃபாவில் விளக்கைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் வசதி இருக்கிறது. அதை நகரத்தில் இருப்பவர்கள் ஆடம்பரம் என்பார்கள். உங்கள் வழியில் அதற்கு வேலை இருக்கிறது.

"ஸீட்டா எடுத்துவிட்டு வெளியே எல்இடி பல்பு மாட்டிக்கொள்ளலாமே" என்று பலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஹாலஜன் பல்பு ஒளிரும் இடத்தைக் கணக்கிட்டுத்தான் உள்ளே இருக்கும் பிரதிபலிப்பானின் வளைவை அமைக்கிறார்கள். அதில் வேறு வகை பல்பைச் செருகினால் ஒளி சிதறும். உங்களுக்கு வெளிச்சம் கூடியது போலத் தெரியும், எதிரே இருசக்கர வண்டியில் வருகிறவருக்குக் கண் கூசி வழி மறைந்துவிடும். மலைப்பாதையில் அது ஆளைக் கொல்லும் தவறு. நிறுவனம் கொடுத்த அமைப்பை மாற்றுவதில் சட்டச் சிக்கலும் உண்டு. தயாரிப்பாளர் அங்கீகரித்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. பெரிய டயர், உயர்த்திய ஸ்பிரிங் என்று ஆசைப்படுகிறவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஏசி பற்றிக் கேட்பீர்கள். வேலூர் வெயில் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். ஆல்ஃபாவில் தானியங்கி ஏசி, ஸீட்டாவில் கையால் திருகி வைக்கும் ஏசி. குளிர்ச்சியில் குறை எதுவும் நான் கண்டதில்லை. நிறத்தை வெளிறியதாக எடுங்கள், அது போதும். வேகத்தைப் பிடித்து வைக்கும் குரூஸ் கன்ட்ரோல் ஆல்ஃபாவில் மட்டும். சென்னை நெடுஞ்சாலையில் காலுக்கு ஓய்வு, அவ்வளவே.

விலை வித்தியாசம் 2023 ஜூனில் வண்டி வந்தபோது மேனுவலில் 95 ஆயிரம் ரூபாய்: ஸீட்டா 12.74 லட்சம், ஆல்ஃபா 13.69 லட்சம். இப்போதைய தொகையை விசாரித்துக்கொள்ளுங்கள். எவ்வளவாக இருந்தாலும் அதோடு 18 சதவீத வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 95 ஆயிரத்துக்கு வரி மட்டும் 17 ஆயிரத்துக்கு மேல் வரும், காப்பீடும் சற்று ஏறும். விற்பனை நிலையத்தில் முதலில் சொல்லும் வித்தியாசம் முழுத் தொகையாக இருக்காது.

மேனுவல் என்ற முடிவை யாரும் கலைக்க விடாதீர்கள். இந்த எஞ்சினின் இழுவிசை அதிகமில்லை. ஏற்றத்தில் இரண்டாவது கியரைப் பிடித்து வைத்துக்கொண்டு எஞ்சினைப் பாடவிட்டு ஏற வேண்டும், அந்த முடிவு உங்கள் கையில் இருப்பது நல்லது. இதன் ஆட்டோமேட்டிக்கில் நான்கே கியர்கள். கல்லும் மண்ணுமான பாதையில் இறங்கும்போது (காய்ந்த தார்ச்சாலையில் வேண்டாம்) வண்டியை நிறுத்தி 4எல் போட்டு, முதல் கியரில் விட்டு, கிளட்சிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு ஆள் நடக்கும் வேகத்தில் இறக்கும். பிரேக் காயாது.

எனக்கு ஒரு விற்பனை நிலையத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மேனுவல் ஸீட்டா கேட்டேன். "அது வரவே வராது, மறுவிற்பனையும் போகாது, கையிருப்பில் ஆட்டோமேட்டிக் இருக்கிறது, நாளையே எடுக்கலாம்" என்று மூன்று முறை வீட்டுக்கு போன் செய்தார்கள். அம்மாவிடம்கூடப் பேசினார்கள். நான் அசையவில்லை. நான் கேட்டதே ஐந்து வாரத்தில் வந்து நின்றது. அதனால் முன்பணம் கட்டுமுன் படிவத்தில் வேரியன்ட், கியர் வகை, நிறம் மூன்றையும் உங்கள் கண்முன் எழுதச் செய்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி வந்ததும் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள், பதிவுக்கு முன்பே பாருங்கள்.

விளக்கு விஷயத்தில் என் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். ஆல்ஃபாவின் சோதனை ஓட்டத்தை விற்பனை நிலையத்தில் இருட்டிய பிறகு கேளுங்கள். ஸீட்டாவுக்கு என் வண்டி இருக்கிறது. அடுத்த முகாம் முடிந்து நீங்கள் இறங்கும் நாளில் சொன்னால் முத்துக்குமரன் மலை அடிவாரத்தில் காத்திருக்கிறேன். சாவியை வாங்கி நீங்களே நாலு வளைவு ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.