1 ஜிபி ராஸ்பெர்ரி பையில் ஐ2பி: அடுத்தவர் டிராஃபிக்கை நிறுத்தலாமா?

கேள்வி: ராஸ்பெர்ரி பை 3 என்ற சிறிய கணினியில் ஐ2பி-யின் (பயனர்களின் கணினிகள் வழியாகவே டிராஃபிக் கடந்து போகும் அநாமதேய நெட்வொர்க்) ஜாவா ரௌட்டரை, அதாவது அதில் இணைக்கும் மென்பொருளை, ஓட்டுகிறேன். 1 ஜிபி ரேம் திணறுகிறது. ஐ2பிடி என்ற இன்னொரு ரௌட்டருக்கு மாறலாமா? மற்றவர்களின் டிராஃபிக் என் வழியாகப் போவதை நிறுத்திவிட்டால் பாரம் குறையுமா?

பதில்: தாராளமாக மாறுங்கள். ஐ2பிடி முழுக்க சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதப்பட்டது. ஜாவா மெஷின் தேவையில்லை என்பதால் சிறிய போர்டுகளில் நன்றாகவே ஓடும். ஜாவா பதிப்போடு வரும் டோரன்ட், மெயில் வசதிகள் இதில் கிடையாது. இது வெறும் ரௌட்டர்தான். டோரன்ட் வேண்டுமென்றால் கியூபிட்டோரன்ட் போன்ற மென்பொருளை சாம் (பிற மென்பொருள்கள் ஐ2பி-யைப் பயன்படுத்த உதவும் இடைமுகம்) வழியாக, போர்ட் 7656-இல், இணைத்துக்கொள்ளலாம். பிரவுசருக்கு 127.0.0.1 முகவரியில் 4444-ஆம் போர்ட்டைப் பிராக்ஸியாகக் கொடுங்கள். ரௌட்டரின் நிலையை அதே முகவரியின் 7070-ஆம் போர்ட்டில் பிரவுசரில் பார்க்கலாம்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். கான்ஃபிக் கோப்பில் 'நோட்ரான்சிட்' என்று ஒரு வரி இருக்கிறது. அதை இயக்கினால் அடுத்தவர் டிராஃபிக் நின்றுவிடும். தயவுசெய்து இயக்காதீர்கள். உங்கள் லைனை ஒருவர் கவனிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் டிராஃபிக் மட்டும் ஓடினால், எப்போது எவ்வளவு ஓடினாலும் அது உங்களுடையது என்று அவருக்குத் தெரிந்துவிடும். பிறருடையதும் கலந்து ஓடும்போது பிரித்துப் பார்ப்பது கடினம். அதோடு, உங்கள் டன்னல்களை (பல ரௌட்டர்களைக் கடந்து போகும் பாதைகள்) சுமப்பவர்களும் உங்களைப் போன்ற தன்னார்வலர்கள்தானே!

அடுத்தவர் டிராஃபிக்கால் தமக்குச் சிக்கல் வருமோ என்ற பயம் பலருக்கு உண்டு. கடந்து போவது அடுக்கடுக்காக என்கிரிப்ட் செய்யப்பட்டது. முந்தைய ரௌட்டரும் அடுத்த ரௌட்டரும் மட்டுமே உங்களுக்குத் தெரியும். நீங்களாக அவுட்பிராக்ஸி (ஐ2பி-யிலிருந்து பொது இணையத்துக்கு வெளியேறும் வாசல்) வைக்காதவரை, யாரும் உங்கள் ஐபி வழியாகப் பொது இணையத்துக்குப் போக முடியாது. ஆனால் நீங்கள் ஐ2பி ஓட்டுவதே வெளியே தெரியக்கூடாது என்றால் இந்தக் கலப்பு உதவாது. ரௌட்டர்களின் ஐபி முகவரிகள் நெட்வொர்க்கின் தரவுத்தளத்தில் பொதுவாகப் பார்க்கக் கிடைப்பவை.

ஆகவே மூடாமல் அளவைக் கட்டுப்படுத்துங்கள். பேண்ட்வித் 'எல்' என்றால் நொடிக்கு 32 கிலோபைட், 'ஓ' என்றால் 256. பை 3-க்கு 'எல்' போதும். அதில் பிறருக்கு எத்தனை சதவீதம் என்பதை 'ஷேர்' வரி தீர்மானிக்கும். ஃபிளட்ஃபில் வேண்டாம், அது தரவுத்தளத்தைத் தாங்கும் கூடுதல் வேலை.

'ஃபயர்வால்ட்' (வெளியிலிருந்து நேரடி இணைப்பு வர முடியவில்லை) என்று காட்டினால் போர்ட் எண்ணை நிலையாக வைத்து, வீட்டு மோடத்தில் டிசிபி, யுடிபி இரண்டையும் திறந்துவிடுங்கள். இணைய நிறுவனம் பொது ஐபி தராத இணைப்பில் இது பலிக்காது, ஆனாலும் ஐ2பி வேலை செய்யும்.

அப்புறம், பை 3-இல் பேட்டரி கடிகாரம் கிடையாது. நேரம் தவறாக இருந்தால் மற்ற ரௌட்டர்கள் உங்களோடு சேராது; என்டிபி (இணையம் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் வசதி) ஓடுகிறதா பாருங்கள். நிறுத்தும்போது பிளக்கைப் பிடுங்காமல் 7070 பக்கத்தில் 'கிரேஸ்ஃபுல் ஷட்டவுன்' கொடுங்கள். ஒரு டன்னலின் ஆயுள் 10 நிமிடம். அதுவரை காத்திருந்தால் உங்கள் வழியாகப் போய்க்கொண்டிருப்பவர்களின் இணைப்பு நடுவில் அறுந்துபோகாது.