வாசகர் கேள்வி–பதில்: மலைவாழை நாரில் காகிதம்

கேள்வி: கொடைக்கானல் அருகே பண்ணைக்காட்டில் விருப்பாச்சி வாழைமட்டை நாரில் காகிதம் செய்து, விளக்குக் கூடுகளும் சுவர்ப் படங்களும் ஆக்குகிறேன். பனிமூட்ட நாட்களில் தாள் நெளிகிறது, பூசணமும் பிடிக்கிறது. இதைத் தொழிலாக்க என்ன வழி?

பதில்: பூசணத்துக்குப் பெரும்பாலும் காரணம் பசைதான். மைதாவும் கஞ்சியும் ஈரக்காற்றில் பூஞ்சைக்கு நல்ல தீனி. பூஞ்சை எளிதில் பிடிக்காத மெத்தில் செல்லுலோஸ் பசைக்கு மாறுங்கள். நாரை 2 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, காய்ந்த நார் 1 கிலோவுக்கு 200 கிராம் சலவைச் சோடா சேர்த்து, எவர்சில்வர் பாத்திரத்தில் 2 முதல் 3 மணி நேரம் வேகவையுங்கள். அலுமினியம் கூடாது, சோடா அதை அரிக்கும். நார் விரலில் எளிதாகப் பிரிந்தால் பதம். பிறகு தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். சோடா தங்கினால் தாள் பழுப்பேறும்.

நெளிவதற்குக் காரணம், தாள் கட்டற்றுக் காய்வது. அழுத்தி நீரை வடித்ததும் வழவழப்பான பலகையில் ஒட்டி, மின்விசிறிக் காற்றில் முழுதாகக் காயவிட்டு உரியுங்கள். அவசரப்பட்டு உரித்தால் ஓரம் சுருளும்.

வாங்குபவர் முதலில் கேட்பது ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை. ஏ4 தாளின் எடையைக் கிராமில் எடுத்து 16-ஆல் பெருக்குங்கள், கிடைத்துவிடும். கொடைக்கானல் விடுதிகளுக்குப் புகைப்படத்தை மட்டும் அனுப்பாமல் தாளையே கொடுங்கள். தொட்டுப் பார்த்தால்தான் அருமை தெரியும். விளக்குக் கூட்டுக்கு எல்.இ.டி. பல்பு மட்டும் என்று எழுதி ஒட்டுங்கள். முறையான பயிற்சிக்கு, ஜெய்ப்பூர் அருகே சாங்கானேரில் உள்ள குமரப்பா தேசியக் கைக்காகித நிறுவனத்தை விசாரியுங்கள். மொத்த ஆர்டருக்குப் பாதி முன்பணம் வாங்காமல் நார் ஊறவைக்காதீர்கள்.